புதுப்பிப்பு: திடீரென வேகமாக ஓடிய சாவி கொடுக்கும் வாட்ச் சரியாகிவிட்டது

அப்பாவின் பழைய வாட்ச் ஒரு நாளைக்கு 20 நிமிடம் முந்துகிறது, இருட்டில் முள்ளும் ஒளிர்வதில்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

"திறக்காதீங்க, முதல்ல காம்பஸ் வெச்சுப் பாருங்க" என்ற யோசனைதான் பலித்தது. வாட்ச்சைப் பக்கத்தில் கொண்டுபோனதுமே காம்பஸ் முள் வெடுக்கென்று திரும்பியது. காந்தம் ஏறியிருக்கிறது! வாட்ச்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய ஸ்பிரிங்கான ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ஸ்பிரிங்கின் நீளம் குறைந்த மாதிரி ஆகிவிடும். அதனால்தான் அந்த ஓட்டம். டேப்லெட்டின் காந்த உறை மேல்தான் தினமும் இரவில் வைத்து வந்திருக்கிறேன்.

காந்தம் நீக்கும் கருவி வாங்கினேன். முதல் தடவை வாட்ச் கருவி மேல் இருக்கும்போதே பட்டனை விட்டுவிட்டேன். காம்பஸ் முள் முன்பைவிட அதிகமாக ஆடியது. பட்டனை அழுத்தியபடியே வாட்ச்சை மெதுவாக ஒரு கை நீளம் விலக்கி, பிறகுதான் விட வேண்டும். அப்படிச் செய்ததும் காம்பஸ் முள் அசையவே இல்லை. பத்து நாளாகப் பார்க்கிறேன், நாளுக்கு 8 விநாடிதான் முந்துகிறது.

ஒளிராததற்குக் காரணம் வேறு. டயலின் கீழ் ஓரத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் பொடி எழுத்தில் 'டி ஸ்விஸ் மேட் டி' என்று இருக்கிறது. டி என்றால் டிரிட்டியம், முள்ளின் பூச்சை ஒளிர வைக்கும் கதிரியக்கப் பொருள். அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 12.3 ஆண்டுகள்தான், டார்ச் அடித்தாலும் பழைய ஒளி வராது. புதுப் பூச்சு பூசப் போவதில்லை. பழைய பூச்சின் அந்தப் பழுப்பு நிறம் அப்படியே இருக்கட்டும்.