கறுப்புத் தகட்டில் கொப்புளம், வெள்ளைத் தகட்டில் பிசுபிசுப்பு: ஓவனுக்குக் கார்பன் விளக்கு சரிவருமா?

கேள்வி

வணக்கம். எங்கள் பட்டறையில் 4 மீட்டர் நீளத்தில் ஒரு கன்வேயர் ஓவன் இருக்கிறது. 0.8 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் வாட்டர் பேஸ் பெயின்ட் அடித்து உள்ளே அனுப்புகிறோம். மேலே 2 கிலோவாட் ஹாலோஜன் விளக்குகள் 12.

வெள்ளைத் தகடு வெளியே வரும்போது தொட்டால் விரல் ஒட்டுகிறது. அதே வேகத்தில் கறுப்பை விட்டால் ஊசிமுனை அளவில் கொப்புளங்கள். நகத்தால் கீறிப் பார்த்தேன், பெயின்டின் மேல்தோலுக்கு அடியில் இன்னும் ஈரம். இரண்டு நிறத்துக்கும் பொதுவான வேகம் அமையவே மாட்டேன் என்கிறது.

கார்பன் விளக்கு போடுங்கள் என்கிறார் ஒரு விற்பனையாளர். இன்னொருவர் மீடியம் வேவ்தான் என்கிறார். எல்லாமே 2 கிலோவாட்தானே, வாட் ஒன்றாக இருக்கும்போது பெயின்ட் காய்வது மட்டும் எப்படி மாறும்? மின்னழுத்தத்தைக் குறைத்து, இருக்கிற ஹாலோஜனையே மங்கலாக எரியவிட்டால் போதாதா?

பதில் 1

வாட் ஒன்றுதான். ஆனால் அந்த வாட்டை உங்கள் பெயின்ட் வாங்கிக்கொள்கிறதா என்பதே கேள்வி.

இழையின் வெப்பநிலையைக் கெல்வினில் எடுத்து 2,898-ஐ அதனால் வகுத்தால், கதிர்வீச்சு எந்த அலைநீளத்தில் உச்சம் தொடுகிறது என்பது மைக்ரானில் கிடைக்கும். ஹாலோஜனின் டங்ஸ்டன் இழை சுமார் 2,200 டிகிரி செல்சியஸில் எரிகிறது, உச்சம் 1.2 மைக்ரான் அருகே. கார்பன் இழை சுமார் 1,200 டிகிரி, உச்சம் 2 மைக்ரான். நிக்ரோம் சுருள் போட்ட மீடியம் வேவ் குழாய் 900 டிகிரி என்றால் 2.5 மைக்ரான்.

தண்ணீர் 1.9 மைக்ரான் பக்கமும், அதைவிடப் பலமாக 3 மைக்ரான் பக்கமும் உறிஞ்சும். 1.2-இல் மெல்லிய ஈரப்படலம் கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரிதான், கதிர் ஊடுருவிப் போய்விடும். அங்கே நிறமியின் ராஜ்யம். வெள்ளையில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு வந்த கதிரைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. கறுப்பு முழுவதையும் விழுங்கி, தண்ணீர் வெளியேறும் முன்பே 100 டிகிரியைத் தாண்டுகிறது. அதுதான் உங்கள் கொப்புளம். அலைநீளம் கூடக்கூட நிறத்தின் செல்வாக்கு குறைந்து, தண்ணீரும் ரெசினும் நேரடியாக உறிஞ்சத் தொடங்கும்.

மங்கலாக எரியவிடுவது பற்றி: கதிர்வீச்சின் சக்தி, கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் போகிறது. இழையின் வெப்பம் 1,750 கெல்வினுக்கு இறங்கி உச்சம் 1.65 மைக்ரானுக்கு வரும்போது, கையில் மிஞ்சுவது கால்வாசிச் சக்தி. அலைநீளம் சரியாக வரும் முன்பே சூடு போய்விடும்.

பதில் 2

மேலே சொன்னதை மட்டும் பார்த்தால் மீடியம் வேவ் இன்னும் நல்லது என்று தோன்றும். உங்கள் ஓவனுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். கன்வேயர் நடுவில் நின்றால் என்ன ஆகும்? நிக்ரோம் குழாய் ஆறுவதற்கு ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்கும். 0.8 மில்லிமீட்டர் தகட்டில் பெயின்ட் கருகுவதற்கு அது தாராளம். கார்பன் இழை சில விநாடிகளில் ஆறிவிடும். கன்வேயர் நின்றால் விளக்கும் அணையும்படி மோட்டாரோடு இன்டர்லாக் கட்டாயம் போடுங்கள்.

மின்பக்கமும் ஒரு லாபம் உண்டு. டங்ஸ்டன் குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை மிகக் குறைவு, சுவிட்ச் போட்டதும் மின்னோட்டம் பல மடங்கு பாயும். கார்பனில் அந்தப் பாய்ச்சல் மிகக் குறைவு, விளக்கை இயக்கும் எஸ்.எஸ்.ஆர். (சாலிட் ஸ்டேட் ரிலே) நிம்மதியாக இருக்கும். ஆனால் மின்தடை பெரிதாக மாறாததால் சக்தி கிட்டத்தட்ட மின்னழுத்தத்தின் வர்க்கத்தில் போகும். சப்ளை 10 சதவீதம் இறங்கினால் 81 சதவீதச் சக்திதான் கிடைக்கும். ஓவன் ஓடும்போது லைனில் உண்மையில் எவ்வளவு வருகிறது என்று அளந்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

அப்புறம் ஒன்று கேட்க வேண்டும்: எக்ஸாஸ்ட் எப்படி? ஈரக்காற்று உள்ளேயே சுற்றினால் எந்த விளக்குக்கும் பெயின்ட் காயாது.

பதில் 3

விளக்கு வாங்குவதில் எல்லோரும் கோட்டைவிடும் இடம் முனைகள்தான். குவார்ட்ஸ் குழாயின் முனையைத் தட்டையாக நசுக்கி மூடியிருப்பார்கள், அதற்குள் காகிதம்போல ஒரு மாலிப்டினம் தகடு இருக்கும். அந்த இடம் 350 டிகிரியைத் தாண்டினால் தகடு ஆக்சிஜனேற்றமாகி உப்பும். முதலில் நிறம் மாறும், பிறகு மயிரிழை விரிசல், அத்தோடு விளக்கு முடிந்தது. சூடு தரும் பகுதி எத்தனை மில்லிமீட்டர், சூடில்லா முனை எவ்வளவு என்று வரைபடத்தில் கேட்டு வாங்குங்கள். முனைகள் ஓவன் சுவருக்கு வெளியே, காற்றுப் படும்படி வரட்டும்.

குழாயின் முதுகில் தங்கப் பூச்சு இருந்தால் கதிர் முழுக்கக் கீழே திரும்பும், நல்ல விஷயம். ஆனால் சுற்றிலும் சூடு தேங்கும் மூடிய ஓவனில் அது நாளடைவில் ஆவியாகி மங்கும். அங்கே வெள்ளைப் பீங்கான் பூச்சு தாங்கும், பிரதிபலிப்பு கொஞ்சம் குறைவு.

வெறுங்கையால் குழாயைத் தொட வேண்டாம். வியர்வை உப்பு பட்ட இடத்தில் குவார்ட்ஸ் பால்வெள்ளையாகி உடையும். தொட்டுவிட்டால் எரியவிடும் முன் ஆல்கஹாலில் துடைத்துவிடுங்கள். பின்னால் எப்போதாவது தின்னர் கலந்த பெயின்டுக்கு மாறினால், இதே ஓவனில் அப்படியே ஓட்டாதீர்கள். ஆவி தீப்பிடிக்கத் தேவையானதைவிடக் குழாயின் சூடு அதிகம். காற்றோட்டக் கணக்கை முதலில் தகுந்தவரிடம் போட்டு வாங்குங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. மொத்தமாக மாற்றாமல் முதலில் 4 கார்பன் விளக்கு மட்டும் வாங்கி, நுழைவாயில் பக்கம் போட்டேன். வெப்பநிலை அளக்கும் மெல்லிய தெர்மோகப்பிளைத் தகட்டின் அடிப்பக்கம் ஒட்டி ஓடவிட்டேன். அந்த 4 விளக்கைத் தாண்டும் இடத்தில் முன்பு கறுப்புக்கும் வெள்ளைக்கும் 35 டிகிரி வித்தியாசம் இருந்தது, இப்போது 12. கறுப்பில் கொப்புளம் இல்லை. வெள்ளை விரலில் ஒட்டவில்லை, ஆனால் ஓரங்கள் மட்டும் இன்னும் ஈரம்.

எக்ஸாஸ்ட் கேள்விக்கு: குழாயில் பெயின்ட் தூசி அடைத்துப் பாதி மூடிக்கிடந்தது. நேற்றுதான் சுத்தம் செய்தோம்.

பதில் 2

ஓரம் ஈரமாக இருப்பது விளக்கின் குற்றம் இல்லை. தகட்டின் நடுப்பகுதிக்கு இரு பக்கமிருந்தும் கதிர் வருகிறது, ஓரத்துக்கு ஒரு பக்கமிருந்துதான். சூடு தரும் பகுதி தகட்டின் அகலத்தைவிட இருபுறமும் நீண்டிருக்க வேண்டும். மீதி 8 விளக்கை ஆர்டர் செய்யும் முன் அந்த நீளத்தை மாற்றிக்கொள்ளுங்கள். அதுவரை இருபக்கச் சுவரிலும் பளபளப்பான அலுமினியத் தகடு வைத்து ஓட்டிப் பாருங்கள்.