ஊசின்னா அலறுற மகனுக்கு விஆர் கண்ணாடி (கண்ண மூடுற மாதிரி மாட்டுனா உள்ள சுத்தி படம் ஓடுற கண்ணாடி), யாராச்சும் யூஸ் பண்ணிருக்கீங்களா?

நாங்க தலவாக்கலை பக்கம் தோட்டத்துல இருக்கோம், மகனுக்கு அடுத்த மாசம் 5 வயசு ஊசி, மூணு வயசுல எம்எம்ஆர் போட்டப்பவே மிட்வைஃப் மிஸ்ஸோட சாரிய புடிச்சு இழுத்து கிளினிக்கையே ரெண்டாக்கிட்டான், இப்ப ஊசி டப்பாவ பாத்தாலே என் முதுகுக்கு பின்னால ஒளியிறான். 2017ல பிரேசில்ல புள்ளைங்களுக்கு விஆர் மாட்டிவிட்டு, உள்ள ஓடுற கதையோட சேத்தே நர்ஸ் பஞ்சால தொடச்சு ஊசி போட்டாங்களாம். கவனம் கதையில போயிட்டா வலி கொறவா தெரியுமாம். ஆனா மெட்டா குவெஸ்ட்ங்கிற விஆர் கண்ணாடி 10 வயசுக்கு மேலன்னு போட்டிருக்கு, விலையும் நம்ம சம்பளத்துக்கு எட்டாது. ஃபோன சொருகுற அட்டைக் கண்ணாடி ஹட்டன்ல, நுவரெலியாவுல எங்கயாச்சும் கெடைக்குமா? அது 5 வயசுக்கு சரிவருமா, கிளினிக்ல மிஸ்மார் விடுவாங்களா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, இல்லாட்டி பழையபடி மடியில அமுக்கிப் புடிச்சு ஃபோன்ல கார்ட்டூன்தான்.