மீட்டர் பெட்டிக்குள் மழைத்தண்ணீர்: சிலிக்கான் போதுமா?

கேள்வி:
தெரு லைனிலிருந்து கரண்ட் ஒயரை வீட்டு மீட்டருக்குக் கொண்டுவரும் சர்வீஸ் பைப் போட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை. மேலிருந்து இறங்கும் இரும்பு பைப் மீட்டர் பெட்டியின் தலைப்பக்கமாக நுழைகிறது. நேற்றைய மழைக்குப் பிறகு கண்ணாடி வழியே பார்த்தால் உள்ளே நீர்த்துளிகள், பித்தளைத் திருகுகளில் பச்சைக் களிம்பு. பைப் நுழையும் இடத்தில் வெறும் லாக்நட் (பைப்பைப் பெட்டியோடு இறுக்கும் நட்டு), சுற்றிலும் சிலிக்கான் பூச்சு. இன்னொரு கோட் பூசினால் சரியாகுமா?

பதில் 1:
ஆகாது. வெயிலில் பைப் நீளும், குளிரில் சுருங்கும், அந்த அசைவில் சிலிக்கான் ஓரம் விட்டுவிடும். மேல்பக்கமாக நுழைகிற பைப்புக்கு கேஸ்கெட் (நீர் புகாத ரப்பர் வளையம்) வைத்த, மரையுள்ள ஹப்தான், அதாவது பைப்பைப் பெட்டியோடு இணைக்கும் துண்டுதான் போட வேண்டும். பைப்பைப் பைப்போடு சேர்க்கும் கப்ளிங்கையும் பாருங்கள்: பக்கவாட்டில் ஸ்க்ரூ வைத்து இறுக்கும் வகை பொதுவாக வீட்டுக்குள் போடுவதற்கானது, வெளியே மழைக்குத் தாங்கும் என்று குறித்திருக்கிற, நட்டைத் திருகி வளையத்தை அழுத்தி இறுக்கும் கம்ப்ரஷன் கப்ளிங் வேண்டும்.

தயவுசெய்து நீங்களே திறக்காதீர்கள். மெயினை ஆஃப் செய்தாலும் மெயினுக்கு முன்னால் உள்ள ஒயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். லைன் கொடுத்தவர்களிடம் சொல்லித் துண்டித்த பிறகு, உரிமம் உள்ளவர் செய்யட்டும்.

பதில் 2:
ஹப் மாற்றும் முன் பைப்பின் உச்சியைப் பாருங்கள். நான் பார்த்த பாதிப் புகார்களில் தண்ணீர் பைப்புக்கு உள்ளேயே இறங்கி வந்தது, எல்லோரும் வெளியே பூசிக்கொண்டிருந்தார்கள். உச்சியில் வாய் கீழ்நோக்கிய தொப்பி இருக்க வேண்டும், ஒயர் அதற்குள் நுழையும் முன் தொப்பியைவிடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்க வேண்டும். அந்த வளைவின் அடியிலேயே மழைநீர் சொட்டிவிடும். வளைவு இல்லாமல் நேராக இழுத்துக் கட்டினால் ஒயரே வாய்க்கால்தான்.

பதில் 3:
பிவிசி பைப் போட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. 3 மீட்டர் பைப் 30 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீளும், அதனால் நீளமான ஓட்டத்தில் எக்ஸ்பேன்ஷன் கப்ளிங் (பைப் நீளவும் சுருங்கவும் இடம் விடும் இணைப்பு) இல்லாவிட்டால் பெட்டியின் ஜாயின்ட்டே பிடுங்கிக்கொள்ளும். அப்புறம், பைப் சுவரைத் துளைத்து வீட்டுக்குள் போனால் அந்த வாயை டக்ட் சீல் என்ற, களிமண் போல மெத்தென்ற அடைப்புப் பொருளால் அடைக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளிருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்த பைப்பில் பட்டு நீராகிவிடும்.

கேள்வி கேட்டவர்:
தரையில் நின்றே பார்த்தேன். தொப்பி இருக்கிறது, வளைவு இல்லை, ஒயர் விறைப்பாக நேரே உள்ளே போகிறது. லைனைத் துண்டிக்கச் சொல்லியிருக்கிறேன், ஹப்பையும் சேர்த்தே மாற்றச் சொல்கிறேன்.