புதுப்பிப்பு: மாமாவோட ‘மூணு லட்ச ரூவா’ காசு என்னாச்சு?

போன மாசம் எழுதியிருந்தேன்லா, பாளையங்கோட்டையில எங்க மாமா ஒரு 20 காசை வச்சிக்கிட்டு, வீடியோவை நம்பி மூணு லட்சம் வரும்னு கனாக் கண்ட கதை. காந்தி தலை போட்ட மஞ்சக் காசு. “1869-1948ன்னு இருக்குல்லா மாப்ளே, வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்” என்பது அவர் கட்சி.

அது காந்தி பிறந்த, மறைந்த வருஷம். காசு வந்தது அவர் நூற்றாண்டுக்கு, 1969-ல. நூறு பைசா கணக்கே 1957-லதான் வந்துச்சு. அதுக்கு முன்னால அணாதான். வெள்ளைக்காரன் காந்தி தலையப் போட்டு காசு அடிப்பானா, நீங்களே சொல்லுங்க!

“வைரக் குறி இருக்கே”ன்னாரு. அது காசு அடிக்கிற மும்பை நாணயச்சாலையோட அடையாளம். ஐதராபாத்துக்கு நட்சத்திரம். அபூர்வத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

இதுக்குள்ள ‘வாங்குற ஆளு’ பதிவுக் கட்டணம்னு 1,250 ரூவா கறந்துட்டான். அடுத்து வரின்னு 6,800 கேட்டப்பதான் எங்கிட்ட சொன்னாரு. பழைய காசு விக்க ரிசர்வ் வங்கி பேரைச் சொல்லி கமிஷன், வரின்னு கேட்டா மோசடின்னு அந்த வங்கியே 2021 ஆகஸ்ட்ல எச்சரிச்சிருக்கு. இணைய மோசடிக்குன்னு இருக்குற 1930 உதவி எண்ணுக்குப் போன் போட்டுப் புகார் குடுத்தாச்சு.

நேத்து டவுண்ல ஒரு பழைய காசுக் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். அண்ணாச்சி ஒண்ணும் பேசல, ஒரு பிஸ்கட் டப்பாவைக் கவுத்தாரு. கலகலன்னு அதே காந்தி, அதே மஞ்சள். “தேஞ்சிருக்கு. இருவது ரூவான்னா எடுத்துக்கிடுதேன்.”

மாமா குடுக்கல. ராத்திரி வாட்ஸப்ல 786 நம்பர் நோட்டு வீடியோ அனுப்பியிருக்காரு.