சோலார் ஸ்டாண்டு கால் போட்ட இடத்துல சீலிங் ஊறுது, போல்ட்டும் ஆடுது. என்ன பண்ணலாம்?

கடலூர்க்காரன்:
வணக்கம் நண்பர்களே. கடற்கரைல இருந்து ரெண்டு கிலோமீட்டர்ல வீடு. மொட்ட மாடில 540 வாட் பேனல் ஆறு, தெற்க பாத்து வச்சிருக்கு, ஸ்டாண்டுக்கு ஆறு கால். தட்டோட்டு மேலயே ட்ரில் போட்டு ஆங்கர் போல்ட் முடுக்கிட்டு போனாங்க. வெயில் காலம் பூரா ஒண்ணும் தெரியல, ஐப்பசி மழை பிடிச்சதும் கால் இருக்குற எடத்துக்கு நேர் கீழ ஈரம், பெயிண்ட் உப்பி உரியுது. போட்டவங்கள கூப்ட்டா சிலிக்கான் அடிச்சிட்டு போறாங்க, அடுத்த மழைக்கு திரும்ப ஊறுது. இப்ப ரெண்டு போல்ட் கையாலயே ஆடுது. கீழ அம்மா படுக்குற ரூம், புயல் வந்தா என்னாகும்னு ராத்திரி தூக்கமே வரல.

சைட் இன்ஜினியர்:
போல்ட் ஆடுதுன்னாலே அது கான்கிரீட்ட பிடிக்கலன்னு அர்த்தம் சார். நம்ம பக்கம் தளத்துக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் மூணு நாலு இஞ்ச் போட்டு, அதுக்கு மேல தட்டோடு ஒட்டுவாங்க. நாலு இஞ்ச் போல்ட் அந்த ஜல்லிக்குள்ளயே முடிஞ்சிடும், ஜல்லில ஆங்கர் விரிஞ்சு பிடிக்காது. தண்ணி அந்த ஓட்டைல எறங்கி தளத்து மேல தேங்கி, எங்க மெல்லிசா விரிசல் இருக்கோ அங்க கசியும். நேர் கீழயே ஊறுதுன்னா சில போல்ட் தளத்தையும் லேசா துளைச்சிருக்கலாம். சிலிக்கான் நிக்காது, இரும்பு வெயில்ல விரிஞ்சு சுருங்குறதுலயே பிரிஞ்சிடும்.

கடலூர்க்காரன்:
அப்ப போல்ட்டெல்லாம் பிடுங்கிட்டு கான்கிரீட் கட்டைய ஓட்டு மேலயே வச்சு காலை அதுல நிறுத்தினா போதுமா? துளையே வேணாம்ல.

மரக்காணம் மாடி:
அண்ணே கடலோரத்துல அத மட்டும் நம்பாதீங்க. 2011 டிசம்பர் 30 தானே புயல் உங்க ஊருக்கும் பாண்டிக்கும் நடுவுலதான் கரை ஏறுச்சு, காத்து 140 கிலோமீட்டர் வேகம், அதாவது செகண்டுக்கு 39 மீட்டர். வேகத்த வேகத்தால பெருக்கி 0.6ஆல பெருக்குனா சதுர மீட்டருக்கு 900 நியூட்டன் சொச்சம், அதாவது 90 கிலோ சொச்சம் அழுத்தம் வரும். உங்க ஆறு பேனலும் சேத்து 15 சதுர மீட்டர் இருக்கும். சாய்வு கம்மியா இருந்தா முழுசும் மேல தூக்காதுதான், ஆனா பாதி தூக்குனாலே 700 கிலோ. நீளம், அகலம், உயரம் மூணும் ஒரு அடி இருக்குற கான்கிரீட் கட்டை 68 கிலோ, ஆறு கட்டை 400 கிலோ. பேனல் வெயிட்ட சேத்தாலும் பத்தாது. சாய்வு 10, 12 டிகிரிக்கு மேல வேணாம், நம்ம அட்சரேகைக்கு அதுவே சரி. கைப்பிடிச் சுவர் ஓரத்துலயும் மூலைலயும் காத்து ஜாஸ்தி இழுக்கும், கொஞ்சம் உள்ள தள்ளி வைங்க.

சைட் இன்ஜினியர்:
அவர் சொல்றது சரி. கட்டைய தளத்தோட சேத்து போடணும். கால் வர்ற எடத்துல ஒண்ணேகால் அடி சதுரத்துக்கு தட்டோட்டையும் ஜல்லியையும் வெட்டி எடுத்து தளம் தெரியுற வரைக்கும் போங்க. தளத்த கொத்தி சுத்தம் பண்ணி, நாலு 12 எம்எம் கம்பிய மூணு இஞ்ச் ஆழத்துல கெமிக்கல் ஆங்கர் (கம்பிய கான்கிரீட்டோட ஒட்டுற பசை) ஊத்தி நடணும். தளமே அஞ்சு இஞ்சுதான் இருக்கும், அதனால ஆழத்த ட்ரில் பிட்ல டேப் ஒட்டி குறிச்சுக்கங்க. லைட் பாயிண்டுக்கு போற பைப் தளத்துக்குள்ள ஓடும், அத பாத்து தள்ளி போடுங்க. ஸ்டாண்டு கால முடுக்குற ஃபவுண்டேஷன் போல்ட்டோட எம்20 தர கான்கிரீட் ஊத்தி ஓட்டு மட்டத்துக்கு மேல அரை அடி தூக்கி, சுத்தி வர சாய்வா பூசி வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அடிங்க. ஏழு நாள் நல்லா தண்ணி விட்டு, அப்புறம் மாடில ரெண்டு நாள் தண்ணி கட்டி பாத்துட்டுதான் ஸ்டாண்ட ஏத்தணும். பழைய வீடுன்னா சீலிங்ல கம்பி துரு பிடிச்சு காரை உதிருதான்னு முதல்ல பாருங்க, அப்படி இருந்தா தளத்த சரி பண்ணாம எதையும் ஏத்தாதீங்க.

கடலூர்க்காரன்:
வீடு கட்டி பத்து வருஷம்தான், காரை உதிரல. வேலைய தை மாசம் வச்சுக்கலாமா, இல்ல இப்பவேவா?

மரக்காணம் மாடி:
கட்டை வேலைய தைல பண்ணுங்க. ஆனா ஆடுற கால் மேல இருக்குற பேனல இப்பவே கழட்டி கீழ படுக்க வச்சு கட்டிடுங்க, புயல் சின்னம்னு நியூஸ் வந்தப்புறம் ஆள் கிடைக்காது. கழட்டுறதுக்கு முன்னாடி இன்வெர்ட்டரையும், பேனல்ல இருந்து வர்ற கரண்ட துண்டிக்கிற டிசி ஐசொலேட்டர் சுவிட்சையும் எலக்ட்ரீஷியன வச்சு ஆஃப் பண்ணுங்க, வெளிச்சம் இருக்குற வரைக்கும் பேனல் ஒயர்ல கரண்ட் இருக்கும், அந்த ஒயர் கனெக்டர கரண்ட் ஓடும்போது பிடுங்குனா தீப்பொறி பறக்கும்.