ஈப்போ சந்தையில் வாங்கிய பதக்கம், கூடவே ஒரு எட்செல் பதக்கம்: சேர்த்து வைக்கலாமா?

சிப்புட்வாசி:
வணக்கம். போன ஞாயிறு ஈப்போ பழம்பொருள் சந்தையில் வெள்ளிப் பதக்கம் ஒன்று வாங்கினேன். ஊதா ரிப்பன், நடுவில் பச்சைக் கோடு, ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ் தலை. ரிப்பனில் இரண்டு பட்டைகள், ஒன்றில் 'பாலஸ்தீன் 1945-48', மற்றதில் 'மலாயா'. சுங்கை சிப்புட் தோட்டத்தில் பிறந்தவன் நான், மலாயா என்பது புரிகிறது, பாலஸ்தீன் ஏன் கூட இருக்கிறது? தேடும்போது இணையத்தில் இன்னொரு பதக்கம் விற்பனைக்கு வந்திருப்பதைப் பார்த்தேன், வரைபடத்தின் மேல் துப்பாக்கி பிடித்த கை, ஹீப்ரு எழுத்து, எட்செல் இயக்கத்தின் நினைவாக என்று போட்டிருந்தது. அதையும் வாங்கி இரண்டையும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

பழங்காசு:
முதலில் ஒன்று, அதைப் பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். விளிம்பில் பெயர் பொறித்திருக்கும், அந்தப் பெயர்தான் அதற்கு மதிப்பு. இது பிரிட்டிஷ் பொதுச் சேவைப் பதக்கம். 1948 மே மாதம் பாலஸ்தீனத்தில் பிரிட்டிஷ் ஆட்சி முடிந்ததும் அங்கே வேலை பார்த்த போலீஸ் சார்ஜென்ட்கள் நூற்றுக்கணக்கில் இங்கே வந்தார்கள். அங்கே போலீஸ் தலைவராக இருந்த நிக்கல் கிரேதான் மலாயா போலீசுக்கும் தலைவரானார். அங்கே தலைமைச் செயலாளராக இருந்த கர்னி இங்கே ஹை கமிஷனராக வந்து 1951இல் பிரேசர் மலைக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்னொன்று, 'மலாயா' பட்டை கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை எதிர்த்து நடந்த அவசரகாலச் சண்டைக்கானது, அதற்குக் கணக்கு தொடங்குவதே 16 ஜூன் 1948, உங்கள் ஊரில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் சுடப்பட்ட அதே நாள்.

எட்செல் பதக்கத்தை வரவழைக்கும் எண்ணம் இருந்தால் சுங்கத்துறையிடம் கேட்காமல் பணம் கட்டாதீர்கள், இஸ்ரேல் பொருளுக்கு இங்கே கட்டுப்பாடு உண்டு.

வரலாறு_வாத்தியார்:
எட்செல் என்பது பாலஸ்தீனத்து யூதர்களின் ஆயுதப்படையான ஹகானாவிலிருந்து 1931இல் பிரிந்த தலைமறைவு ஆயுத இயக்கம். அந்த வரைபடம் யோர்தான் ஆற்றின் இரண்டு கரையையும் சேர்த்தது, எழுத்துக்கு அர்த்தம் 'இப்படி மட்டுமே'. மெனாகெம் பெகின் தலைமையில் 1944இல் பிரிட்டிஷாரை எதிர்த்துக் கிளர்ச்சி அறிவித்தார்கள். 22 ஜூலை 1946 அன்று எருசலேமில் கிங் டேவிட் ஓட்டலில் அவர்கள் வைத்த குண்டில் 91 பேர் செத்தார்கள், பிரிட்டிஷார், அரபுகள், யூதர்கள் எல்லாரும், பலர் அங்கே குமாஸ்தா வேலை பார்த்தவர்கள். 1948 ஏப்ரலில் தேர் யாசின் கிராமத்தில் எட்செலும் அதிலிருந்து பிரிந்த லேஹி என்ற குழுவும் சேர்ந்து நூற்றுக்கு மேற்பட்ட ஊர் மக்களைக் கொன்றார்கள். அதே வருடம் ஜூனில் புதிய இஸ்ரேலின் பென் குரியன் அரசே எட்செலின் ஆயுதக் கப்பல் அல்டலேனாவைச் சுட்டது. அப்புறம் 1977இல் பெகின் இஸ்ரேல் பிரதமரானார், 1980இல் லேஹிக்கு அரசே ஒரு நினைவு ரிப்பன் நிறுவியது. நேற்று சுட்டவர்களுக்கு நாளைக்கு மரியாதை கிடைத்தது அரசு அவர்கள் கைக்கு வந்ததால்தான். தேர் யாசினில் செத்தவர்களுக்கு யாரும் பதக்கம் அடிக்கவில்லை, பிள்ளைகளிடம் அதைச் சொல்லாமல் இதைக் காட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

லயத்துப்பொண்ணு:
ஐயா சொல்வது சரி, ஆனால் வாங்கிய பதக்கமும் அப்படித்தானே? எங்கள் அம்மா அவசரகாலத்தில் பால்மரம் சீவப் போனவர். தோட்டத்து லயத்தைச் சுற்றி முள்வேலி, கேட்டில் நிறுத்தித் தூக்குச் சட்டியைத் திறந்து பார்ப்பார்களாம், காட்டில் இருக்கும் கெரில்லாக்களுக்குச் சோறு போகக் கூடாதென்று. பசியோடு மரம் சீவிவிட்டு வந்து சாப்பிட்டதை அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். தொழிற்சங்கத் தலைவர் கணபதியை 1949 மே 4ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். பதக்கம் யாருக்குப் போனது பாருங்கள். தம்பி, அதைக் காட்டுங்கள், ஆனால் பக்கத்தில் ஒரு தூக்குச் சட்டியையும் வையுங்கள்.

சிப்புட்வாசி:
எல்லாருக்கும் நன்றி. எட்செல் பதக்கத்தை வாங்கவில்லை, படத்தை மட்டும் அச்சடித்து ஒட்டி, கிங் டேவிட், தேர் யாசின் இரண்டையும் கீழே எழுதப் போகிறேன். அக்கா, எங்கள் பெரியம்மா வீட்டில் அந்தக் காலத்துத் தூக்குச் சட்டி ஒன்று இருக்கிறது, மூடி மட்டும் இல்லை. நாளைக்குப் போய்க் கேட்கிறேன்.