மறு: டார்டாரிக் அமிலத்துக்கும் கிரீம் ஆஃப் டார்ட்டருக்கும் ஒரே சொல் போதுமா?

குழுவினருக்கு வணக்கம். நம் சமையல் சொற்பட்டியலுக்காக டார்டாரிக் அமிலத்துக்கும் கிரீம் ஆஃப் டார்ட்டருக்கும் தமிழ்ப்பெயர் தேடுகிறோம் அல்லவா, அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்.

> இரண்டும் புளிக்கிற வெள்ளைத் தூள்தானே? சமையற்குறிப்புக்குப் 'புளிப்புத்தூள்' என்று ஒரு சொல் இருந்தால் போதாதா?

போதாது ஐயா. வேதியியல் வகுப்பை விட அடுக்களையில்தான் இந்த வேறுபாடு அதிகம் தேவை. கிரீம் ஆஃப் டார்ட்டர் என்பது டார்டாரிக் அமிலத்தைப் பொட்டாசியத்தால் பாதி மட்டும் நடுநிலையாக்கிய உப்பு. 84 கிராம் ஆப்ப சோடா முழுவதும் பொங்கித் தீர அமிலம் 75 கிராம் போதும். அந்த உப்பு என்றால் 188 கிராம் வேண்டும். ஏறக்குறைய இரண்டரை மடங்கு! 'புளிப்புத்தூள் 2 தேக்கரண்டி, ஆப்ப சோடா 1 தேக்கரண்டி' என்று நாம் எழுதி வைக்க, ஒருவர் அமிலத்தை வாங்கிப் போட்டால் கேக்கை வாயில் வைக்க முடியாது.

கரைவதிலும் அப்படித்தான். அமிலம் பச்சைத் தண்ணீரிலேயே சட்டென்று கரைந்துவிடும். கிரீம் ஆஃப் டார்ட்டர் என்ற அந்த உப்பு 100 மில்லி தண்ணீரில் அரை கிராமுக்குச் சற்று மேல்தான் கரையும், கொதிநீரில் 6 கிராம் அளவுக்கு. முட்டை வெள்ளைக்கருவை அடிக்கும்போது நுரை அமுங்காமல் இருக்கவும், சர்க்கரைப் பாகு பூத்துப் போகாமல் இருக்கவும் குறிப்புகளில் பெரும்பாலும் அந்த உப்பையே சொல்வது இதனால்தான். மென்மையானது, கை சற்றுக் கூடினாலும் தாங்கும்.

அமிலத்துக்கு என் பரிந்துரை 'புளியமிலம்'. எல்லா அமிலமும் புளிக்குமே என்று முன்பு ஒருவர் கேட்டிருந்தார். சரிதான், ஆனால் இங்கே புளி என்பது சுவையை அல்ல, பழத்தைக் குறிக்கிறது. எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம் மிகுதி, புளியம்பழத்தில் டார்டாரிக் அமிலம். பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆவதில் இந்த அமிலத்துக்குப் பெரும் பங்கு உண்டு. செர்மானியர் தங்களுக்குப் பழக்கமான திராட்சை மதுவை வைத்து இதற்குப் பெயரிட்டார்கள். நாம் புளியை வைத்துப் பெயரிடுவதில் என்ன தடை?

> பல்லில் படியும் டார்ட்டரைப் பற்காரை என்கிறோமே, அதுபோல கிரீம் ஆஃப் டார்ட்டருக்குக் 'காரைத்தூள்'?

மதுப் பீப்பாயின் உட்சுவரில் படிகிற கச்சாப் படிவுக்குக் 'காரை' அருமையாகப் பொருந்துகிறது. அதற்கு 'மதுக்காரை' என்றே வைத்துக்கொள்ளலாம். அதைச் சுத்திகரித்து எடுத்த, உணவில் சேர்க்கும் தூளுக்குப் பல்லில் படிவதன் பெயர் வேண்டாமே. கிரீம் என்பதைப் 'பாலாடை' என்று பெயர்த்த யோசனையையும் விட்டுவிடலாம்; இதில் பாலே கிடையாது.

கிரீம் ஆஃப் டார்ட்டருக்குத் 'திராட்சையுப்பு' என்பேன். சிட்ரிக் அமிலத்தைக் கடைகளில் லெமன் சால்ட் என்று விற்பதால் இதையும் அமிலம் என்று நினைத்துவிடுவார்கள் என்ற கவலை நியாயமானது. ஆனால் அங்கே பெயர் தவறு, இங்கே பொருள் உண்மையிலேயே உப்பு. ஒன்றுக்குப் புளி, மற்றதற்குத் திராட்சை என்றால் உறவு தெரியாதே என்பவர்களுக்கு: பாடநூலில் டார்டாரிக் அமிலம், பொட்டாசியம் ஹைட்ரஜன் டார்டரேட்டு (கிரீம் ஆஃப் டார்ட்டரின் வேதிப்பெயர்) என்பவை அப்படியே இருக்கட்டும், உறவு அங்கே தெரியும். அடுக்களையில் இரு பெயர்களும் ஒலியில் விலகி நிற்பதுதான் பாதுகாப்பு.

பொட்டலத்தில் அமிலத்துக்கு 334, உப்புக்கு 336 என்ற உணவுச் சேர்பொருள் எண் இருக்கும். சொற்பட்டியலில் அந்த எண்களையும் பக்கத்திலேயே போட்டுவிடலாம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள், பேசலாம்.